ஆறு மணிக்கு நிறையும் கடல்

அக்கா வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு தாள்கள் தொங்குகின்றன. ஒன்று, அம்மா வருஷா வருஷம் மதுரையிலிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பும் தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் அச்சடித்தது. இன்னொன்று, அக்கா வாழும் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே துறைமுகத்தின் ஓத அட்டவணை. கடல் எந்த நேரம் ஏறி நிற்கும், எந்த நேரம் வற்றிக் கிடக்கும், எத்தனை மீட்டர் என்று நாள்வாரியாகப் போட்டிருக்கும். இந்த இரண்டும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை.

"அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ரெண்டு மூணு நாள் பாரு" என்று அக்கா காலண்டரில் விரல் வைத்தாள். "காலையில ஆறு மணி வாக்குல கடல் நிறைஞ்சிருக்கும். சாயங்காலம் ஆறு வாக்குல மறுபடி நிறையும். நடுப்பகல்ல வத்திப் போயிடும். அட்டவணை கையில இல்லேன்னாலும் அம்மா அனுப்புற காலண்டர் போதும் எனக்கு."

இதைச் சொன்னது என் அக்கா என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறினால்தான் உண்டு. தண்ணீர் என்றால் எங்களுக்குக் கிணறுதான். பெரியப்பா தோட்டத்துக் கிணற்றில் நானும் அண்ணன்மார் இரண்டு பேரும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீச்சல் பழகினோம். அக்காவை இறங்க விடவில்லை. பொம்பளப் பிள்ளை கிணற்றில் குதிப்பதா என்று பெரியம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார். மூன்று கோடை விடுமுறையும் அவள் பம்புசெட் தொட்டிச் சுவரில் எங்கள் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மேலிருந்து குதிக்கும்போது தெறிக்கிற தண்ணீர் மட்டும்தான் அவளுக்கு.

2006-ல் செவிலியர் வேலைக்கு அயர்லாந்து போனாள். இந்தியாவிலிருந்து, அதிலும் கேரளத்திலிருந்து, ஏராளமான செவிலியர்கள் அந்த நாட்டு மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். போன இடத்திலேயே கல்யாணம், வீடு, ஒரு பெண் குழந்தை. போன் பேசும்போதெல்லாம் மழை, குளிர், இரவுப் பணி என்றுதான் பேச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் "கடல்ல குளிக்கப் போறேன்டா தம்பி" என்றாள். காலை நனைத்துவிட்டு வருவாள் என்று நினைத்துக்கொண்டேன். சென்ற ஜூன் மாதம் பன்னிரண்டு நாள் விடுப்பெடுத்து அங்கே போய்த்தான் அந்தப் பேச்சின் பொருளைக் கண்டேன்.

டப்ளினிலிருந்து கால்வேக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். தீவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தால் இரண்டரை மணி நேரத்தில் மறுபக்கத்துக் கடல் வந்துவிடுகிறது. சுமார் 85,000 பேர் வாழும் சின்ன நகரம். நடந்தே பார்த்து முடித்துவிடலாம். அயர் சதுக்கத்தில் தொடங்கி ஷாப் தெரு வழியாக ஆறு வரை வந்தால் வழியெல்லாம் பாட்டும் ஃபிடிலும். 1320 வாக்கில் கட்டிய புனித நிக்கலஸ் தேவாலயம் நடுவில் நிற்கிறது. பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் எழுப்பி 1965-ல் திறந்த பேராலயம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பார்க்க வேண்டியவைதான், பார்த்தேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கோரிப் ஆறு.

அயர்லாந்துக் குடியரசின் மிகப்பெரிய ஏரியான கோரிப் ஏரியிலிருந்து புறப்பட்டு ஆறே கிலோமீட்டர் ஓடிக் கடலில் விழுந்துவிடுகிறது அந்த ஆறு. அத்தனை பெரிய ஏரியின் தண்ணீர் அத்தனை குறுகிய வழியில் போக வேண்டியிருப்பதால் நகரத்துக்குள் அது பாய்கிற வேகத்தைப் பார்த்தால் அடிவயிறு கலங்கும். சால்மன் அணைக்கட்டுப் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து பத்து நிமிஷம் கீழே பார்த்தோம். வெள்ளத்தை எதிர்த்துத் தலையை மேற்கே… இல்லை, வடக்கே வைத்து, இருந்த இடத்திலேயே வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு இரண்டு சால்மன் மீன்கள் நின்றன. கடலிலிருந்து திரும்பி, பிறந்த ஓடைக்கு முட்டையிடப் போகிற மீன்கள். அக்கா மகள், என் மருமகள்தான் முதலில் கண்டுபிடித்துக் காட்டினாள். கண் பழகிய பிறகு இன்னும் நாலைந்து தெரிந்தன.

ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் 1584-ல் கட்டிய ஸ்பானிய வளைவு நிற்கிறது. நகர மதிலின் நீட்சியாகக் கட்டியது. 1755-ல் லிஸ்பன் நிலநடுக்கத்தால் எழுந்த சுனாமி இவ்வளவு தூரம் வந்து அதில் ஒரு பகுதியை இடித்துவிட்டுப் போனது என்கிறார்கள். 2004-க்குப் பிறகு வளர்ந்த நமக்கு அந்தக் கல்லைத் தொடும்போது வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஆற்றுக்கு எதிர்க்கரை கிளாடா. இதய வடிவத்தை இரண்டு கைகள் ஏந்தி, மேலே ஒரு கிரீடம் வைத்த மோதிரம் உலகம் முழுக்க விற்கிறதே, அதற்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். நட்புக்குக் கைகள், அன்புக்கு இதயம், விசுவாசத்துக்குக் கிரீடம். மோதிரத்தை வாங்குகிறவர்கள் ஊரைப் பார்க்க வருவதில்லை. வந்தாலும் பழைய ஊர் அங்கே இல்லை. நகர மதிலுக்கு வெளியே, ஐரிஷ் மொழி பேசிக்கொண்டு, தங்களுக்கென்று ஒரு ராஜாவை வைத்துக்கொண்டு வாழ்ந்த மீனவர்களின் குப்பம் அது. கூரை வீடுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. காசநோயைக் காரணம் காட்டி 1930-களில் அத்தனையையும் இடித்துவிட்டு வரிசை வீடுகள் கட்டினார்கள். இப்போது அந்தத் துறையில் அன்னங்கள் மிதக்கின்றன, கரிய உடலும் செம்பழுப்புப் பாயும் கொண்ட கால்வே ஹுக்கர் படகுகள் சில கட்டிக் கிடக்கின்றன. அன்னம் என்றால் சித்திரத்தில் பார்த்தவன் நான். இவை ரொட்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டிச் சீறின.

கிளாடாவிலிருந்து கடலை ஒட்டியே மேற்கே நடந்தால் கிராட்டன் கடற்கரை. அதன் விளிம்பில் ஒரு சின்னப் பூங்கா, அதில் ஒரு நினைவுக்கல். சீலியா கிரிஃபின் என்ற ஆறு வயதுச் சிறுமியின் பெயரில் வைத்தது. உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போன பெரும் பஞ்சத்தில், 1847 மார்ச்சில், குடும்பத்தோடு கால்வேக்குப் பிழைக்க வந்த அவள் பட்டினியால் செத்தாள். பஞ்சத்தில் செத்த பத்து லட்சம் பேரில் ஒருத்தியின் பெயராவது கல்லில் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

நான் அக்காவிடம் கேட்டேன், இவ்வளவு பெரிய கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, மீன் பிடித்துத் தின்றிருக்கலாமே என்று. இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்களாம். கிளாடா மீனவர்கள் அந்தப் பஞ்சத்தில் வலையையும் படகுச் சாமான்களையும் அடகு வைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். அடகு வைத்த வலை கடைக்குள் தொங்க, மீன் கடலுக்குள் நீந்தியது. அக்கா அந்தக் கல்லைக் கடக்கும்போது ஒவ்வொரு முறையும் நின்று தொட்டுவிட்டுத்தான் போகிறாள். குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கிருந்து சால்ட்ஹில் உலாச்சாலை தொடங்குகிறது. ஊர் முழுக்க அங்கே நடக்கிறது. கைவண்டியில் குழந்தையைத் தள்ளுகிறவர்கள், நாயோடு போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஊன்றுகோல் பிடித்த கிழவர்கள். விரிகுடாவுக்கு எதிர்ப்புறம் கிளேர் மாவட்டத்தின் பரென் மலைகள், சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல் மொட்டை மலைகள், ஒளி மாறும்போதெல்லாம் ஊதாவாகவும் வெள்ளையாகவும் மாறிக்கொண்டிருக்கும். சாலை முடிகிற இடத்தில் ஒரு குட்டிச் சுவர். நடந்து வருகிறவர்கள் அதை ஷூவால் ஓர் உதை உதைத்துவிட்டுத் திரும்புவார்கள். உதைத்தால்தான் நடை கணக்கில் சேரும். நானும் உதைத்தேன். அந்தச் சுவரை ஒட்டி நிற்பதுதான் பிளாக்ராக்.

மஞ்சள் வர்ணம் அடித்த கான்கிரீட் கோபுரம். பல உயரங்களில் குதிமேடைகள், கீழே நேராகக் கடல். ஒருகாலத்தில் இந்த இடம் ஆண்களுக்கு மட்டும். பெண்கள் குளிக்கத் தனிக் கரை இருந்தது, 'லேடீஸ் பீச்' என்ற பெயர் இன்னும் சால்ட்ஹில்லில் நிலைத்திருக்கிறது. அக்கா இதைச் சொல்லும்போது நாங்கள் இருவரும் ஒரே கிணற்றைத்தான் நினைத்துக்கொண்டோம்.

நான் போய் இறங்கிய மறுநாள், மாலை எட்டரை மணி. நம் ஊர் நாலு மணி வெயில்போல வெளிச்சம். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையப் பத்து மணி தாண்டிவிடும். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், தலையில் பூப்போட்ட ரப்பர் தொப்பி மாட்டிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி படிப்படியாக இறங்கி, இடுப்பளவு வந்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு தண்ணீரில் சாய்ந்தார். பள்ளிக்கூடப் பையன்கள் மேல்தட்டிலிருந்து ஓடிவந்து குதித்தார்கள். ஏறி வருகிறவர்களிடம் இறங்கப் போகிறவர்கள் "எப்படி இருக்கு?" என்று கேட்பதும், "இறங்கிட்டா சுகமா இருக்கும்" என்று அவர்கள் சொல்வதும் அங்கே வழக்கம். ஒரு மாலையில் இருபது தடவையாவது அந்த ஒரே கேள்வியையும் ஒரே பதிலையும் கேட்டேன். வருஷம் முழுக்க, குளிர்காலத்தில் தண்ணீர் எட்டு ஒன்பது டிகிரிக்கு இறங்கும்போதும் கேட்பார்களாம். கிறிஸ்துமஸ் அன்று கூட்டம் கூட்டமாக வந்து குதிப்பார்களாம்.

அக்கா தன் பெரிய அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஆரஞ்சு நிற மிதவைப் பையை இடுப்பில் கட்டினாள். படியில் நின்று கழுத்திலும் முகத்திலும் தண்ணீர் அள்ளித் தெளித்துக்கொண்டு, மூச்சை நீளமாக ஊதிவிட்டபடி இறங்கினாள். அப்புறம் போய்க்கொண்டே இருந்தாள். கை மாற்றிக் கை போட்டு, அவசரமே இல்லாமல், மிதவை பின்னால் துள்ள, மஞ்சள் கோபுரத்திலிருந்து தூரத்துப் பாறை வரை. நான் மேலே அவளுடைய துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவள் ஃபிளாஸ்க்கிலிருந்து இஞ்சி டீ ஊற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்கப் பேசினாள். நாற்பது வயதில் நகராட்சி நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டதையும், முதல் முறை கடலுக்கு வந்தபோது கூடப் பணிபுரியும் ஐரிஷ் செவிலி ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டே நின்றதையும் சொன்னாள். "குளிர்ந்த தண்ணியில இறங்கின முதல் ஒரு நிமிஷம் மூச்சு உன் பேச்சைக் கேக்காது. இழுத்து இழுத்து வாங்கும். அப்ப நீந்தக் கூடாது. கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஊதணும். அந்த ஒரு நிமிஷத்துலதான் நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களும் போயிடுறாங்க. அது அடங்கினப்புறம் கை கால் நம்ம சொன்னபடி கேக்கும். ஆனா அதுக்கும் ஒரு கணக்கு உண்டு. நேரமானா விரல் முதல்ல கழன்டுக்கும். ஏறின பிறகும் பத்து இருபது நிமிஷம் உடம்பு இன்னும் குளிர்ந்துக்கிட்டேதான் போகும், அதனால உடனே துணி மாத்திடணும்." மருத்துவமனையில் நோயாளியின் சொந்தக்காரர்களுக்கு விளக்குகிற அதே நிதானக் குரல்.

பிளாக்ராக்கிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் சில்வர்ஸ்ட்ராண்ட். சின்னக் கரை, ஒரு பக்கம் களிமண் சரிவு. காலையில் மணலில் பந்து விளையாடினோம், கடல் ஏறிய பிறகு போய்ப் பார்த்தால் மணலே இல்லை, எல்லாம் தண்ணீர். அங்கேதான் எனக்கு இந்தக் கடலின் கணக்கு உறைத்தது. ராமேஸ்வரத்தில் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. கால்வேயில் அமாவாசைக் காலத்தில் நாலரை மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை ஆள் உயரம், ஆறு மணி நேரத்தில் ஏறி அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. ஒரே கரைக்குக் காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம். நேரம் பார்க்காமல் போகிறவர்களுக்குக் கடற்கரை கிடைக்காது.

பார்னா தாண்டியதும் சாலைப் பலகைகளின் மொழி மாறுகிறது. ஐரிஷ் மொழி இன்னும் வீட்டிலும் கடையிலும் புழங்குகிற கெயில்டாக்ட் பகுதி அது. மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் பாடம் உண்டு. பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தவள், "மாமா, டிரா-ன்னா பீச்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கடல் வத்துறதுக்கும் அதே வார்த்தைதான்" என்று சேர்த்துக்கொண்டாள். காரில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, எனக்கு அந்த வார்த்தை மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கரையும் வற்றமும் ஒரே சொல். கடல் விலகிக் கொடுக்கிற இடம்தான் கரை என்று ஒரு மொழியே முடிவு செய்திருக்கிறது.

மருமகள் கூட்டிக்கொண்டு போனது காரரோ ஊரில் இருக்கிற டிரா அன் டோலீன். கால்வேயிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். வழி நெடுக வேலிக்குப் பதில் கல்லடுக்குச் சுவர்கள், சேறு சேர்க்காமல் கல்மேல் கல் வைத்து எழுப்பியவை, ஒவ்வொரு கல் இடுக்கிலும் வானம் தெரியும். ஆங்கிலத்தில் இதைப் பவளக் கடற்கரை என்கிறார்கள். செருப்பைக் கழற்றி நடந்தபோது பாதத்துக்குக் கீழே மணல் அமுங்கவில்லை, பொரிபோல நொறுநொறுவென்று சத்தம் போட்டது. ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். மணலே கிடையாது. சின்னச் சின்னக் குச்சிகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு, கிளை விட்டு, முடிச்சு முடிச்சாக, சில இஞ்சித் துண்டைச் சுருக்கிப் போட்டதுபோல. பெரும்பாலும் வெளுத்த தந்த நிறம். நனைந்த இடத்தில் இளஞ்சிவப்பாக இரண்டு மூன்று.

இது பவளம் இல்லை. மேர்ல் எனப்படும் ஒருவகைக் கடற்பாசி. உயிரோடு இருக்கும்போது ஊதாச் சிவப்பு. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் உடம்பையே கல்லாக்கிக்கொள்கிறது. எதிலும் ஒட்டிக்கொள்ளாமல் கடலடியில் உருண்டு கிடந்தபடியே வளர்கிறது, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். செத்ததும் நிறம் வெளுத்து, அலை கொண்டுவந்து கரையில் கொட்டுகிறது. என் உள்ளங்கையில் கிடந்த நகத்தளவுக் குச்சி பத்து வருஷம் வளர்ந்தது என்றால், நான் நின்றிருந்த அந்தக் கரை எத்தனை வருஷம்! மடியில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று கை போனது. போட்டுவிட்டேன். அது அவ்வளவு மெதுவாக வந்து சேர்ந்த பொருள், அங்கேயே கிடக்கட்டும்.

டாக்ஸ் பே போனது அமாவாசைக்கு மறுநாள். "நடுப்பகல்ல போயிடணும், அப்பத்தான் முழுக் கரையும் வெளிய வரும்" என்று அக்கா காலண்டரைப் பார்த்தே நாள் குறித்தாள். ரவுண்ட்ஸ்டோன் என்ற மீன்பிடி ஊரைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர். அந்த ஊரின் துறைமுகத்தை 1820-களில் அமைத்தவர் அலெக்சாண்டர் நிம்மோ என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். கிளாடாவில் நாங்கள் தினமும் நடக்கிற நிம்மோ பாலத்துறையும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கால்வேக்கு மேற்கே விரிந்து கிடக்கும் இந்தக் கானமாரா வட்டாரத்தில் எங்கே போனாலும் அவர் கட்டிய பாலமோ துறையோ சாலையோ ஒன்று எதிர்ப்படுகிறது.

டாக்ஸ் பே குதிரை லாட வடிவில் வளைந்த கரை. முதுகோடு முதுகு ஒட்டினாற்போல அந்தப் பக்கம் கர்ட்டீன் கரை. நடுவில் மணல் திட்டு மட்டும். அலை கொண்டுவந்து போட்ட மணல் ஒரு பாறைத் தீவைக் கரையோடு கட்டிவைத்து, இரண்டு பக்கமும் இரண்டு கடற்கரையை உண்டாக்கியிருக்கிறது. பின்னால் எரிஸ்பெக் மலை. ஐரிஷ் மொழியில் டாக்ஸ் பேயின் பெயர் போர்ட் நா ஃபியாடோகெ, உப்புக்கொத்திப் பறவையின் துறை. ஆங்கிலத்தில் நாயின் துறையாகிவிட்டது.

வெள்ளை என்றால் சாதாரண வெள்ளை இல்லை. கோலமாவு வெள்ளை. அதன்மேல் நிற்கிற தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்து, படத்தில் பார்த்தால் அட்லாண்டிக் என்று யாரும் நம்பமாட்டார்கள். காரணம் அதே உள்ளங்கையில்தான் இருந்தது. மருமகள் பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தாள். மூன்று பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தோம். கிளிஞ்சல் தூள், நத்தைக் கூட்டின் சுருள் முனை, நடுவில் கடுகைவிடச் சிறிய உருண்டைகள், சுருள்கள், ஒரு குப்பி வடிவம். ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றை உயிரணுக் கடலுயிர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட சுண்ணாம்பு வீடுகள் அவை. மற்ற இடங்களில் பாறை பொடிந்து மணலாகும். இங்கே உயிர்கள் வாழ்ந்து முடித்த வீடுகள் மணலாகியிருக்கின்றன. "ஒவ்வொரு வீட்லயும் ஒரே ஆள்தானா மாமா?" என்று அவள் கேட்டாள். ஒரே ஆள்தான் என்றேன்.

அந்த மணல் திட்டும் நிரந்தரமில்லை. காற்றும் அலையும் கால்நடைக் குளம்பும் மனிதர் நடையும் புல்வேரை அறுத்துவிட்டால் மணல் பறந்துவிடும். அதனால் புல் நட்டு, வேலி அடைத்து வைத்திருக்கிறார்கள். வேலிக்குள் ஏறிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். இரண்டு கரைகளையும் தாங்கி நிற்பது அந்தப் புல்தான்.

ஊர் திரும்பியபோது மாலை ஐந்தரை மணி. காரை வீட்டுக்குத் திருப்பாமல் அக்கா நேராக பிளாக்ராக்குக்கு விட்டாள். "அமாவாசைக் கடல். ஆறு மணி. நாளைக்கழிச்சு நீ கிளம்புற" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பின்னிருக்கையில் அத்தானின் நீச்சல் உடை எனக்காக ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பத்து நாளாக நான் துணிக்குக் காவல் இருந்திருந்தேன். கிணற்றில் கண்ணை மூடிக்கொண்டு குதித்தவன்தான், ஆனால் முப்பது வருஷம் ஆகிவிட்டது. அதுவும் வெயில் குடித்த கிணற்றுத் தண்ணீர். இது 14 டிகிரி அட்லாண்டிக். படிகள் பாதிக்கு மேல் மூழ்கியிருந்தன. கடல் விளிம்பு தட்டி நின்றது, அலை அடிக்காமல் மெல்ல மூச்சுவிடுவதுபோல ஏறி ஏறி இறங்கிக்கொண்டு. பூப்போட்ட தொப்பி அம்மா ஏறி வந்துகொண்டிருந்தார். நான் கேட்கும் முன்பே சொன்னார், இறங்கிவிட்டால் சுகமாக இருக்கும் என்று.

முழங்கால், இடுப்பு, அடிவயிறு. நெஞ்சு நனைந்ததும் மூச்சு என் கையை விட்டுப் போனது. வாய் திறந்து திறந்து காற்றை இழுத்தது, உள்ளே போகவில்லை. பக்கத்தில் அக்கா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, "ஊது. ஊதிக்கிட்டே இரு. நான் எண்றேன்" என்றாள். தமிழில் எண்ணினாள். நாற்பதைத் தாண்டும்போது ஏதோ ஒன்று அவிழ்ந்தது. மூச்சு திரும்பி வந்தது. தோல் எரிந்தது, ஆனால் குளிரவில்லை. கம்பியை விட்டேன்.

மேலிருந்து பார்த்த கடலும் உள்ளிருந்து பார்க்கிற கடலும் ஒன்றில்லை. கண் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது நகரம் மறைந்துவிடுகிறது. எதிரே பரென் மலைகள் மட்டும், அடிவாரம் தெரியாமல், தண்ணீரின்மேல் வைத்தாற்போல. உதட்டில் உப்பு. அக்கா எனக்குக் கடல் பக்கமாக நீந்தி வந்தாள். கோபுரத்திலிருந்து முதல் மிதவை வரை போய்த் திரும்பினோம், ஆறு ஏழு நிமிஷம் இருக்கும். இன்னும் கொஞ்சம் என்றேன். "போதும், ஏறு" என்றாள், வார்டில் சொல்கிற குரலில்.

மேலே வந்து துவட்டிக்கொள்ளும்வரை ஒன்றும் தெரியவில்லை. சட்டையை மாட்டியதும் நடுக்கம் எடுத்தது. பொத்தானைப் பிடிக்க விரல் வளையவில்லை, எனக்குச் சொந்தமில்லாத விரல்கள்போல நீட்டிக்கொண்டு நின்றன. மருமகள் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட முன்னால் வந்து நின்று, கழுத்துப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள்.